சிந்தினது நாம, கழுவறது யாரு?

பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பின காரோட கார்ப்பெட்டைப் பாத்தாலே போதும். அந்தக் குடும்பம் எங்கெங்கே நிறுத்திச்சு, என்னென்ன சாப்பிட்டுச்சு, எந்தக் குழந்தை எந்தப் பக்கம் உக்காந்துச்சுன்னு ஜாதகமே சொல்லிடலாம். பின் சீட்டுக்குக் கீழே முறுக்குத் தூள், டிரைவர் பக்கம் காய்ஞ்ச சேறு, நடுவுல புளியோதரை எண்ணெய், ஒரு ஓரத்துல குழந்தை கக்கின பால். பூனேயிலிருந்து பெங்களூருக்கே கிட்டத்தட்ட 840 கிலோமீட்டர். அதுக்கு மேல சேலமோ மதுரையோ திருநெல்வேலியோ போய், அதே வழியில திரும்பி வரணும்னா கார்ப்பெட் பாவம் என்ன பண்ணும்?

வந்து இறங்கினதும் நம்ம ஆளுங்க செய்யறது ரெண்டே காரியம். ஒண்ணு, இன்டீரியர் க்ளீனிங் கடையில காலைல விட்டுட்டு சாயங்காலம் எடுத்துக்கறது. இன்னொண்ணு, விடியக்காலைல பக்கெட்டோட கார் துடைக்க வர்ற தம்பிகிட்ட சாவியைக் குடுத்து "உள்ளேயும் கொஞ்சம் பாத்துக்கோப்பா, தனியா ஏதாவது தர்றேன்"னு சொல்றது. ரெண்டுமே சரியில்லைங்கறதுதான் என் கட்சி. ரொம்ப அழுக்கான கார்ப்பெட்டை அழுக்காக்கின குடும்பமேதான் கழுவணும். சிக்கனத்துக்காக இதைச் சொல்லலை (காசு மிச்சமாகும்கறது உண்மைதான், வேண்டாம்னு யாரு சொன்னா :-)). எனக்கு மூணு காரணம் இருக்கு.

முதல் காரணம், எங்கே என்ன சிந்துச்சுன்னு நமக்குத்தான் தெரியும். கறைன்னு பொதுவா ஒண்ணு கிடையாது. பால் ஒரு கறை, எண்ணெய் ஒரு கறை, மஞ்சள் ஒரு கறை, சேறு ஒரு கறை. ஒண்ணுக்கு மருந்தா இருக்கறது இன்னொண்ணுக்கு விஷம். கடைக்காரருக்கு எல்லாமே கறுப்பாத் தெரியற ஒரே அழுக்குதான். எல்லாத்துக்கும் ஒரே நுரை, ஒரே சுடுதண்ணி, ஒரே பிரஷ்.

சேத்துல இருந்து ஆரம்பிப்போம். சேறு ஈரமா இருக்கும்போது கை வைக்கவே கூடாது. தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் போகும். நல்லாக் காயட்டும்னு விட்டுடணும். இந்தத் தக்காணப் பக்கம் இருக்கறது கோவில்பட்டி, விருதுநகர்க்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச கரிசல் மண்தான். ஈரத்துல செருப்பை விடாமப் பிடிச்சுக்கும், காய்ஞ்சா சுருங்கி வெடிச்சுடும். அந்த குணத்தையே நாம பயன்படுத்திக்கலாம். காய்ஞ்சதும் பிளாஸ்டிக் பிரஷ்ஷால தட்டி, உதிர்த்து, வேக்குவம் க்ளீனரால உறிஞ்சிட்டா பெரும்பகுதி ஒரு சொட்டுத் தண்ணியில்லாமப் போயிடும்.

அடுத்தது பால், தயிர், வாந்தி. இதுல எல்லாம் புரதம் இருக்கு. சூடு பட்டா முட்டை எப்படி கெட்டியாகுதோ அதே மாதிரி இந்தப் புரதமும் நாரோட ஒட்டிக்கும். சுடுதண்ணியோ நீராவி மெஷினோ பால் கறைக்கு ஆகவே ஆகாது. பச்சைத்தண்ணியால ஒத்தி எடுத்துட்டு, என்சைம் இருக்கற துணி சோப்புத்தூளை (பாக்கெட்லயே போட்டிருப்பாங்க, பாத்து வாங்குங்க) தண்ணியில கரைச்சுத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மறுபடியும் ஒத்தி எடுக்கணும். என்சைம் வேலை செய்ய நேரம் வேணும். தடவின உடனே துடைச்சா அதைப் போட்டதே வீண். வாந்தியா இருந்தா கையுறை போட்டுக்கிட்டு, கெட்டியா இருக்கறதை அட்டையாலயோ பழைய கரண்டியாலயோ முதல்ல வழிச்சு எடுத்துடணும். கழுவிக் காய்ஞ்சதுக்கு அப்புறமும் வாடை வந்தா, சமையல் சோடாவை மேல தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலைல வேக்குவம் போட்டா புளிச்ச வாடை நல்லாவே குறையும்.

எண்ணெய்க்கு முதல் வேலை உறிஞ்ச வைக்கறது. கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி அரை மணி நேரம் விட்டு எடுத்துட்டு, அப்புறமா வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் சில சொட்டு விட்டுத் துடைக்கணும். நேரடியா தண்ணியை ஊத்தினா எண்ணெய் பரவும், வேற ஒண்ணும் நடக்காது.

சாம்பார், குழம்பு விழுந்த இடத்துல சோப்பைப் போட்டதும் மஞ்சக் கறை சிவப்பாகும். பாத்தவங்க பயந்துடுவாங்க. ஆரத்தித் தட்டுல மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்குது பாருங்க, அதே சமாச்சாரம்தான். மஞ்சளுக்குக் காரம் பட்டா நிறம் மாறும். சுத்தமான தண்ணியால ஒத்தி ஒத்தி சோப்பை எடுத்துட்டா பழையபடி மஞ்சளாயிடும். மிச்ச மஞ்சளை வெயில் பாத்துக்கும். வெயில் பட்டா மஞ்சள் நிறம் தானா வெளுக்கறது வேட்டியில சாம்பார் சிந்தின எல்லாருக்கும் தெரியும். கதவைத் திறந்து வெச்சு வெயில் நேராப் படற மாதிரி ரெண்டு மூணு நாள் நிறுத்தினாப் போதும். கடைக்காரர் அந்த சிவப்பைப் பாத்துட்டு இன்னும் காரமான கெமிக்கலைத்தான் எடுப்பார்.

நம்ம ஃபில்டர் காபியோட கதை இன்னும் வேடிக்கை. அதுல பாலும் இருக்கு, காபிச் சாயமும் இருக்கு. முதல்ல பாலுக்கான வைத்தியம். அதுக்கப்புறம் வினிகரைத் தண்ணியில கலந்து சாயத்துக்கு. இது அந்த டம்ளரைத் தட்டி விட்டவருக்குத்தானே தெரியும்? (தங்கமணியா ரங்கமணியாங்கற ஆராய்ச்சி இங்கே வேண்டாம்.)

வினிகர்னு சொன்னதும் ஞாபகம் வருது. சோடாவையும் வினிகரையும் ஒண்ணாக் கலந்து ஊத்தினா பொங்குமே, அதைப் பாத்து பெரிய சக்தின்னு நினைக்கறவங்க இருக்காங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறிச்சுக்கிட்டு, கரியமில வாயுவும் தண்ணியும் கொஞ்சம் உப்பும்தான் மிஞ்சும். தனித்தனியா ரெண்டுக்கும் வேலை இருக்கு, சேர்த்தா ரெண்டும் வீண். ஆனா இதுல ஆபத்து கிடையாது. ஆபத்து எதுலன்னா பிளீச்சுல. பிளீச்சோட வினிகரோ டாய்லெட் க்ளீனரோ கலந்தா குளோரின் வாயு வரும். காருக்குள்ளே குனிஞ்சுக்கிட்டு அதை மூச்சுல இழுத்தா ஆஸ்பத்திரிதான். கார்ப்பெட்டோட சாயத்தையும் பிளீச் தின்னுடும். அது வண்டிக்குள்ளே வரவே கூடாது.

ரெண்டாவது காரணம், காயறதுக்கு ஆகற நேரம். கார் கார்ப்பெட் வீட்டு ஜமக்காளம் இல்லை, எடுத்து மொட்டை மாடியில போட முடியாது. மேல தெரியறது நைலான், பாலியெஸ்டர் மாதிரி செயற்கை நார்ல செஞ்ச மெல்லிசான விரிப்பு. அதுக்குக் கீழே சத்தத்தையும் சூட்டையும் தடுக்க ஃபெல்ட்டோ ஃபோமோ கனமா ஒரு மெத்தை. அதுக்கும் கீழே இரும்புத் தகடு. தண்ணியை ஊத்தினா மேல் விரிப்பு ஒரே நாள்ல காய்ஞ்ச மாதிரி தெரியும். கீழே மெத்தை ஸ்பாஞ்ச் மாதிரி நாள்கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். முதல்ல வாடை, அப்புறம் பூஞ்சை, கடைசியில தகட்டுல துரு.

நனைஞ்ச பொருளை 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள்ளே காய வெச்சுட்டா பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காதுன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. காலைல விட்டு சாயங்காலம் எடுக்கற கடையில அந்த நேரம் எங்கே இருக்கு? அடுத்த வண்டி வாசல்ல நிக்குது. வாசனை ஸ்ப்ரேயை அடிச்சு, கண்ணாடியை ஏத்தி குடுத்துடுவாங்க. நாம அதைக் கொண்டு வந்து வெயிலே படாத பேஸ்மென்ட் பார்க்கிங்ல நிறுத்துவோம். வாரக் கடைசியில கதவைத் திறந்தா ஊறின சாக்கு வாடை. அந்தக் கண்ணாடி மூடின பெட்டிக்குள்ளே ஏசியைப் போட்டுக்கிட்டுப் போறது யாரு? நம்ம குழந்தைங்க, ஊர்லேருந்து வந்திருக்கற அப்பா அம்மா. வீசிங், ஆஸ்துமா இருக்கறவங்களுக்குப் பூஞ்சை ஆகாதுங்கறது டாக்டர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அழுக்கான கார்ப்பெட்டை விட சுத்தம் பண்ணிட்டு ஈரமா விட்ட கார்ப்பெட் மோசம்.

அதனால ஒரே விதி: தண்ணி குறைவு, நேரம் நிறைய. செய்முறை இதுதான்.

மழைக்காலத்துல ஆரம்பிக்காதீங்க. மும்பை, பூனே பக்கம் ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் காத்துலயே ஈரம். அப்போ வேக்குவம் மட்டும் போடலாம், சேத்தை மட்டும் உதிர்க்கலாம். பெரிய கழுவலை அக்டோபருக்கு அப்புறம் வெச்சுக்கலாம்.

வெயில் இருக்கற ஒரு சனிக்கிழமை காலைல மேட்டையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டுடணும். சீட்டை முழுசா முன்னாடி தள்ளி ஒரு தடவை, பின்னாடி தள்ளி ஒரு தடவை வேக்குவம். நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு. இதுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்க. மண்ணை எடுக்காம தண்ணியைத் தொட்டா நாமளே சேறு குழைக்கறோம்னு அர்த்தம். சீட்டுக்குக் கீழே ஒயர்கள், கனெக்டர்கள் போகும். மஞ்சள் நிறத்துல இருக்கறது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைக் கழட்டக் கூடாது, நனைக்கவும் கூடாது.

அப்புறம் கறை கறையா மேல சொன்ன வைத்தியம். எதையுமே சீட்டுக்கு அடியில கண்ணுல படாத இடத்துல கொஞ்சமா தடவிப் பாத்துட்டுத்தான் மத்த இடத்துல போடணும். கடைசியா மொத்தத்துக்கும் ஒரு நுரைக் குளியல். ஒரு சின்ன வாளியில கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் ஷாம்பு விட்டு நல்லா நுரை கிளப்பி, அந்த நுரையை மட்டும் பிரஷ்ஷால எடுத்துத் தேய்க்கணும். கீழே இருக்கற தண்ணியைத் தொடவே கூடாது. ரெண்டடிக்கு ரெண்டடியா பகுதி பகுதியா செய்யணும். தேய்ச்ச உடனே பழைய காட்டன் வேட்டியால அழுத்தி ஒத்தி எடுங்க. அப்புறம் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால, நுரை வராம போற வரைக்கும் திரும்பத் திரும்பத் துடைக்கணும். மிச்சம் இருக்கற சோப்பு பிசுபிசுன்னு தூசியை இழுக்கும். "ஷாம்பு போட்டு ஒரு மாசத்துல முன்னை விட அழுக்காயிடுச்சு"ன்னு புலம்பறவங்க வண்டியில பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். ஈரத்தையும் உறிஞ்சற வேக்குவம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. நாலு குடும்பம் சேர்ந்து வாங்கி வெச்சுக்கலாம். கிரைண்டர் கடன் குடுத்து வாங்கின பரம்பரைதானே நாம :-)

அப்புறம் காய வைக்கறது. நாலு கதவையும் திறந்து ஒரு பக்கம் டேபிள் ஃபேனை வைங்க. ஈரமா இருக்கற இடத்துல பழைய பேப்பரைப் பரப்பி, நனைய நனைய மாத்துங்க. காருக்குள்ளே இருக்கற காத்துல ஈரத்தைக் குறைக்க ஏசியும் உதவும். ஆனா பேஸ்மென்ட்லயோ மூடின ஷெட்லயோ இன்ஜினை ஓட விட்டுடாதீங்க, அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, உயிருக்கே ஆபத்து. ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு காய்ஞ்ச பேப்பரை வெச்சு முழங்காலால ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்க. பேப்பர் நனையலைன்னா வண்டி தயார். நனைஞ்சா இன்னொரு நாள் ஃபேன்.

மேட்டைத் திரும்பப் போடும்போது டிரைவர் பக்க மேட்டை அதுக்கான கொக்கியில மாட்டிட்டு, பெடல் தடங்கல் இல்லாம அமுங்குதான்னு பாருங்க. ஒரு மேட்டுக்கு மேல இன்னொரு மேட் போடாதீங்க. 2009-ல டொயோட்டா அமெரிக்காவுல சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவிச்சது, மேட் நகர்ந்து ஆக்ஸிலரேட்டர்ல சிக்கிக்கற ஆபத்துக்காகத்தான்.

தண்ணியே ஊத்தாம கார்ப்பெட் ஈரமா இருந்தா கழுவறதுக்கு முன்னாடி காரணத்தைத் தேடணும். முன் இடது பக்கம் ஈரம்னா பெரும்பாலும் ஏசி தண்ணி வெளியே போற குழாய் அடைச்சிருக்கும். பிசுபிசுன்னு இனிப்பு வாடையோட இருந்தா அது கூலன்ட், விஷம். குழந்தைங்களை ஏத்தாம நேரா ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க. வெள்ளத்துல மூழ்கின வண்டிக்கும் இந்த வீட்டு வைத்தியம் பொருந்தாது. 2015 டிசம்பர்ல சென்னையிலயும் 2022 செப்டம்பர்ல பெங்களூருலயும் வண்டிக்குள்ளே புகுந்தது வெறும் மழைத்தண்ணி இல்லை, சாக்கடையும் சேர்ந்த தண்ணி. அதுல நனைஞ்ச கார்ப்பெட்டையும் மெத்தையையும் கழட்டி மாத்தறதுதான் சரி.

"கடையில நல்ல மெஷின் இருக்கே, நம்மகிட்ட என்ன இருக்கு?"ன்னு கேக்கறவங்க இருப்பாங்க. உண்மைதான், தண்ணியைத் தெளிச்ச கையோட உறிஞ்சி எடுக்கற மெஷின் நல்லா வேலை செய்யும். நல்லாச் செய்யற கடைகளும் இருக்கு. முதுகுவலி, மூட்டுவலி இருக்கறவங்க, மூணு ஷிப்ட் வேலை பாக்கறவங்க கடைக்கே போகட்டும். ஆனா சாவியை நீட்டிட்டு வந்துடாதீங்க. "இங்கே பால், இங்கே எண்ணெய், இங்கே சாம்பார்"னு காட்டிக் குடுங்க. "இன்னிக்கே வேண்டாம், நாளைக்கு சாயங்காலம் காய்ஞ்ச அப்புறம் எடுத்துக்கறேன்"னு சொல்லுங்க. தண்ணிப் பிரச்சினையையும் யோசிங்க. 2024 மார்ச்ல பெங்களூரு குடிநீர் வாரியம் குடிதண்ணியில கார் கழுவத் தடை போட்டு, மீறினா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சது. நான் சொன்ன முறையில மொத்தமே ரெண்டு மூணு வாளிக்கு மேல ஆகாது.

மூணாவது காரணத்தைச் சொன்னா சிலருக்குக் கோவம் வரலாம். காலைல வர்ற அந்தத் தம்பிக்கு நாம மாசச் சம்பளம் குடுக்கறது வெளியே தூசி துடைக்கறதுக்கு. அவருக்குக் கையுறை இல்லை, வேக்குவம் இல்லை, ஒரு கந்தல் துணியும் அரை பக்கெட் தண்ணியும்தான். ஏழு மணிக்குள்ளே இன்னும் பத்து வண்டி பாக்கி. அவர்கிட்ட நம்ம குழந்தையோட காய்ஞ்ச வாந்தியை "கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு சொல்றோம். அவர் முடியாதுன்னு சொல்ல மாட்டார். சொன்னா அடுத்த மாசம் வண்டி வேற ஆளுக்குப் போயிடும்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கூட நூறு ரூபாய் குடுக்கறதால அது சரியாயிடாது. அடுத்தவங்க கழிவை அள்ளற வேலை நம்ம நாட்டுல யார் தலைமேல விழுந்தது, எப்படி விழுந்ததுங்கறது நமக்குத் தெரியாத சரித்திரம் இல்லை. மொழி தெரியாத ஊர்ல வந்து பிழைக்கற நாம, இன்னொரு ஊர்லேருந்து பிழைக்க வந்திருக்கற ஒருத்தர் தலையில அதைத் தூக்கி வைக்கலாமா?

குழந்தைங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க. அவங்க சிந்தின சிப்ஸை அவங்களே பிரஷ்ஷால தட்டட்டும். ஆரத்தி சிவக்கற ரகசியத்தை சாம்பார் கறையில காட்டுங்க, அறிவியல் பாடமும் ஆச்சு. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு தேய்ச்ச பையன் அடுத்த பயணத்துல ஜூஸ் டப்பாவைக் கொஞ்சம் ஜாக்கிரதையா பிடிச்சுக்குவான்.

பி.கு: வெள்ளம் வந்த ஊர் வண்டிங்க கழுவித் துடைச்சு வெளி மாநிலத்துக்கு செகண்ட் ஹாண்ட் விலைக்கு வர்றது உண்டு. பழைய கார் வாங்கப் போறவங்க கதவு ஓரத்துல கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கிக் கீழே கை விட்டுப் பாருங்க. கையில வண்டல் மண் ஒட்டினா, விலை எவ்வளவு மலிவா இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.